வாவி எப்போதும் இடப்பக்கம்: மட்டக்களப்பிலிருந்து படுவான்கரைக்கு ஒரு வாகனச் சுற்று

மட்டக்களப்புக்குப் புதிதாக வருபவர்கள் பாசிக்குடாவில் குளித்து, கல்லடிப் பாலத்தில் படம் எடுத்து, அதோடு ஊரைப் பார்த்து முடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். கடலோரம் நல்ல இடம்தான். ஆனால் வாகனத்தில் நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஏற்ற ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை வட்டை என்னும் வயல்வெளி, நடுவே வாடிகள் என்னும் குடில்கள், குளக்கட்டு, எருமைப் பட்டி, பழைய கோயில்கள். வீதியில் வாகனம் குறைவு. அந்தப் பக்கம் முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் பொருந்தும். முச்சக்கரவண்டியில் போனால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாவியைக் கடக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை வாவி நீண்டு கிடப்பதால் நினைத்த இடத்தில் கடக்க முடியாது. நகரிலிருந்து வவுணதீவுக்கு வலையிறவுப் பாலம். அதற்குத் தெற்கே மண்முனைப் பாலம். களுவாஞ்சிகுடிப் பக்கம் பட்டிருப்புப் பாலம். இவை தவிர குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் ஆகிய துறைகளில் பாதை ஓடும். பாதை என்றால் இங்கே ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனையிலும் 2014இல் பாலம் திறக்கும் வரை பாதைதான் ஓடியது. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் ஊர்ப்பெயரைவிடத் துறையின் பெயரைச் சொல்லிக் கேட்பது சுலபம்.

புறப்படுவதற்கு முந்தின நாள்

பெற்றோலை நகரிலேயே நிரப்புங்கள். கீழே சொல்லும் சுற்று சுமார் 40 கிலோமீற்றர்தான், 100 சீசீ மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லீற்றரே போதும். ஆனாலும் உன்னிச்சைப் பக்கம் திரும்ப மனம் வந்தால் தூரம் இரட்டிப்பாகும், மேற்கே போகப் போகப் பெற்றோல் செட் அரிது. தாங்கி பாதிக்குக் கீழே இருக்கும்போது வலையிறவைத் தாண்ட வேண்டாம்.

டயர்க் காற்றைப் பாருங்கள். பிரதான வீதிகள் தார் போட்டவை, குளங்களுக்கும் வட்டைகளுக்கும் திரும்பும் உள்வீதிகள் பெரும்பாலும் கிரவல். டயர் தேய்ந்திருந்தால் கிரவலில் வளைவில் வழுக்கும். சைக்கிளின் சங்கிலி தளர்ந்திருந்தால் குழியில் விழுந்தெழும்போது கழன்றுவிடும். சாரதி அனுமதிப்பத்திரம், வரிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் கையில் இருக்கட்டும். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மட் வேண்டும்.

தொலைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே சில இடங்களில் சிக்னல் நிற்காது. அதைவிடப் பெரிய சிக்கல், வரைபடம் தூரம் குறைவு என்று வட்டை வீதிகளுக்குள் திருப்பிவிடுவது. திரையில் அது வீதி, நேரில் உழவு இயந்திரம் போன தடம். கோடையில் எப்படியோ போய்விடலாம். ஒரு மழை பெய்தால் அந்தக் களி மண் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு மட்கார்டில் இறுகிவிடும், சக்கரம் சுற்றாது. இருபுறமும் வரம்பு, திருப்பவும் இடமிருக்காது. தார் வீதியை விட்டு இறங்கச் சொன்னால் முதலில் அங்கே நிற்கும் ஒருவரிடம் கேளுங்கள். “அண்ணன், இதால கார் போகுமா?” என்ற ஒரு கேள்வி ஒரு மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர். தொப்பி, நீளக்கைச் சட்டை. கோயிலுக்குள் போக எண்ணினால் அதற்கேற்ற உடுப்பு.

எந்தத் திசையில் சுற்றுவது

இங்கே வாகனம் வீதியின் இடப்பக்கம் ஓடும். நகரிலிருந்து வலையிறவு வழியாக மேற்கே கடந்து, படுவான்கரையில் தெற்கு நோக்கிப் போய், மண்முனைப் பாலத்தால் கிழக்கே வந்து, கல்லடி வழியாக வடக்கே நகருக்குத் திரும்பினால் வாவி முழுச் சுற்றிலும் உங்கள் இடக்கைப் பக்கமே இருக்கும். நிற்க வேண்டுமென்றால் எதிரே வரும் வாகனத்தைக் குறுக்கறுக்கத் தேவையில்லை, அப்படியே ஒதுக்கிவிடலாம். மாறித் திரும்பினால் ஒவ்வொரு முறையும் வீதியைக் கடந்துதான் வாவிப் பக்கம் வர வேண்டும்.

வெயிலும் இதற்குத் தோதாக அமையும். காலையில் மேற்கே போகும்போது சூரியன் முதுகில் இருக்கும், எதிரே வருவது தெளிவாகத் தெரியும். படுவான்கரையில் நின்று பார்த்தால் வாவிக்கு மேலே சூரியன் ஏறும். அதற்கு 6 மணிக்கே வலையிறவில் இருக்க வேண்டும். 8 மணிக்குப் பிறகு அந்த ஒளி போய்விடும், நீர் வெள்ளையாகக் கண்ணைக் கூசும்.

சுற்று

நகரின் மேற்குப் பக்கமாக வந்து வலையிறவுப் பாலத்தில் ஏறுங்கள். பாலத்தின் மேலே வாகனத்தை நிறுத்தாதீர்கள். கடந்து இறங்கிய பிறகு ஓரமாக விட்டு நடந்து வாருங்கள். காலையில் தோணிக்காரர் வலை இழுத்து முடித்துக் கரைக்கு வரும் நேரம். மீன், இறால், களப்பு நண்டு வாங்க நினைத்தால் இங்கே பார்த்து வைக்கலாம், வாங்குவது திரும்பும்போது நகரில்தான். ஐஸ் பெட்டி இல்லாமல் அரை நாள் வெயிலில் மீனைச் சுமக்க முடியாது. நண்டு மட்டும் விதிவிலக்கு: உயிரோடு, கால் கட்டிய நண்டை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் சில மணித்தியாலம் தாங்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிய பாரம் தெரிய வேண்டும். பெரிதாக இருந்தும் பாரமில்லாத நண்டு ஓடு மாற்றி அதிக நாள் ஆகாதது, உள்ளே தண்ணீர்தான்.

வவுணதீவில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தெற்கே, கொக்கட்டிச்சோலை வீதியைப் பிடியுங்கள். இந்தத் துண்டுதான் சுற்றின் உயிர். மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியதே இல்லை, போகவும் முடியாது. காலையில் பட்டியை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள். எருமை ஒன்று வீதியைக் கடந்தால் பின்னால் கன்றும் மற்றவையும் வரும், முதல் எருமை போனதும் கியர் போடாதீர்கள். ஹோர்ன் அடித்தால் நடுவில் நிற்பது மிரண்டு உங்கள் பக்கமே திரும்பும். எஞ்சினை அணைக்காமல், சத்தமில்லாமல் நில்லுங்கள். ஓட்டி வருபவர் கையைக் காட்டுவார், அப்போது போகலாம்.

அறுவடைக் காலத்தில் நெல்லைத் தார் வீதியின் ஒரு பக்கத்தில் காயப்போட்டிருப்பார்கள். விளிம்பில் கல், மரக்கொம்பு வைத்திருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நெல்லின் மேல் சைக்கிள் ஏறினால் மணலில் போவது மாதிரித்தான்: முன் பிரேக்கைத் தொட்டால் விழுவீர்கள். அது ஒரு குடும்பத்தின் போகத்து விளைச்சல் என்பதையும் மறக்க வேண்டாம். எதிரே வாகனம் வந்தால் நீங்கள் நின்று அதை விடுங்கள், நெல்லின் மேல் ஏற்றி ஒதுங்காதீர்கள். மாலையில் நெல் ஏற்றிய பெட்டியோடு வரும் உழவு இயந்திரங்களில் பலவற்றுக்குப் பின் விளக்கு இருக்காது. இருட்டும் முன் வீடு திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கல் நந்தி எழுந்து புல் தின்றதாக ஊரார் சொல்லும் ஐதீகம் இந்தக் கோயிலுக்குரியது. நந்தியை அருகில் போய்ப் பாருங்கள். தேர்களையும் கவனியுங்கள், திருவிழாவில் வடம் பிடித்து ஆட்களே இழுப்பார்கள். ஆடி, ஆவணி மாதங்கள் இந்தப் பகுதிக் கோயில்களுக்குத் திருவிழாக் காலம். அந்த நாட்களில் வீதியில் காவடியும் பாதயாத்திரைக்காரரும் இருப்பார்கள், கார் நிறுத்தக் கோயிலருகே இடம் கிடையாது, தூரத்தில் விட்டு நடக்க வேண்டும். கூட்டம் பிடிக்காதவர் வேறு மாதம் வரலாம். ஆனால் படுவான்கரையின் முழு உயிரோட்டத்தையும் பார்க்க விரும்புகிறவருக்குத் தேரோட்ட நாளை விட நல்ல நாள் இல்லை.

கோயிலிலிருந்து மகிழடித்தீவு வழியாக மண்முனைப் பாலம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாலத்தின் நடுவே பக்கக் காற்று சைக்கிளைத் தள்ளும், குறிப்பாகப் பின்னால் ஆளும் பையும் இருந்தால். வேகத்தைக் குறைத்து, பாலத்தின் விளிம்பை ஒட்டாமல் ஓட்டுங்கள். கடந்து வந்தால் தாழங்குடாப் பக்கம் கல்முனை வீதியில் ஏறுவீர்கள். ஊர் முழுக்க மாறிவிடும்: பஸ், லொறி, கடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். இங்கிருந்து ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி.

காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்க்கலாம். சாப்பிடவும் இதுவே நல்ல இடம், கொத்துரொட்டி, புரியாணி, பால் தேத்தண்ணி எல்லாம் கிடைக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆ முடியும் வரை கடைகள் மூடியிருக்கும், நோன்பு மாதத்தில் பகல் முழுக்கச் சாப்பாட்டுக்கடை இருக்காது. ஏறாவூர், ஓட்டமாவடி பக்கம் போகும்போதும் இதே கணக்குத்தான். அந்த நாட்களில் இடியப்பமோ பிட்டோ கட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

கல்லடியில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்து, யாழ்நூல் தந்து, 1947இல் மறைந்தவர். நகருக்குள் நுழையுமுன் ஐந்து நிமிடம் அங்கே நிற்பது நல்லது. பிறகு பாலம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் நடக்கலாம், வாகனத்துக்குப் புதிய பாலம். நடுவே நிறுத்திப் படம் எடுப்பவர்களால் அடிக்கடி நெரிசல் வருகிறது. வாகனத்தைக் கரையில் விட்டு வாருங்கள்.

நிறுத்தங்களோடு இந்தச் சுற்றுக்கு ஐந்து மணித்தியாலம் வைத்தால் அவசரமில்லாமல் முடியும்.

பாதையில் ஏறிக் கடக்க விரும்புகிறவர்களுக்கு

மண்முனைப் பாலத்துக்குப் பதிலாகக் கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் தெற்கே அம்பிளாந்துறைக்குப் போய், பாதையில் குருக்கள்மடம் வரலாம். மோட்டார் சைக்கிளுக்கு இதைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும். வாவியின் நடுவே நின்று இரண்டு கரையையும் ஒருசேரப் பார்க்க வேறு வழி இல்லை. துறையில் முதலில் வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறட்டும். பாதைக்காரர் சொல்லும் இடத்திலேயே சைக்கிளை நிறுத்துங்கள், பாரம் ஒரு பக்கம் சேர்ந்தால் மிதவை சரியும். இறங்கி நின்று, சைக்கிளைக் கியரில் விட்டு, முன் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்றப் பலகை ஈரமாக இருந்தால் ஓட்டாமல் தள்ளி ஏற்றுவதே பத்திரம். காற்றும் மழையும் கடுமையானால் பாதை ஓடாது. அதனால் துறைக்கு ஐந்து கிலோமீற்றர் முன்பே யாரிடமாவது கேட்டுவிடுங்கள்.

மண்டூர் முருகன் கோயில் வரை போகிறவர் குருமண்வெளித் துறையாலோ, வெல்லாவெளி வீதியால் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தாலோ திரும்பலாம். அப்போது முழு நாள் தேவை.

உன்னிச்சைக் குளம்

வவுணதீவிலிருந்து மேற்கே ஆயித்தியமலை வழியாக வீதி உன்னிச்சைக்குப் போகிறது. நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். மட்டக்களப்பு நகர் குடிக்கும் குழாய்த்தண்ணீர் இந்தக் குளத்தது, ஆகவே கட்டில் சாப்பிட்டால் குப்பையைக் கட்டி எடுத்து வாருங்கள். காலை 9 மணிக்குள் போய்ச் சேர்ந்தால் குளத்தின் அகலமும் மேற்கே நீல மலைகளும் தெளிவாகத் தெரியும். ஆயித்தியமலையில் சதாசகாய மாதா கோயில் இருக்கிறது, நிழலில் இளைப்பாறலாம்.

குளிப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: துருசுக்கும் (குளத்து நீரை வெளியே விடும் மதகு) வான்கதவுக்கும் கிட்டப் போகாதீர்கள். மேலே நீர் அசைவில்லாமல் இருக்கும், அடியில் துருசு இழுக்கும். ஊரார் குளிக்கும் துறை எது என்று கேட்டு, அங்கே, அவர்கள் நிற்கும்போது மட்டும் இறங்குங்கள். இந்தப் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு.

ஆனை பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள், பாதிப் பேர் தவறாகச் சொல்வார்கள். வெள்ளாமை விளைந்திருக்கும் காலத்தில் மாலையானதும் அது காட்டிலிருந்து வட்டைக்கு வரும். விடிந்த பிறகும் சில வேளை வீதியோரம் நிற்கும். ஆகவே பிற்பகல் 4 மணிக்கு உன்னிச்சையை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும். வெடிச் சத்தம் கேட்டால் யாரோ வயலில் ஆனையை விரட்டுகிறார்கள், அந்தத் திசையில் போகாதீர்கள். நேரில் கண்டால் 100 மீற்றருக்கு மேல் தள்ளியே நில்லுங்கள். ஹோர்ன் வேண்டாம், வெளிச்சத்தை அதன் முகத்தில் பாய்ச்ச வேண்டாம், படமெடுக்க இறங்கவே வேண்டாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, திரும்ப இடமிருந்தால் திரும்பி வந்த வழியே போங்கள். ஊர்க்காரர் ஒருவர் வரும் வரை காத்திருந்து அவர் பின்னால் போவது இன்னும் நல்லது. வயல் ஓரக் கம்பிகளில் மின்வேலியும் இருக்கும், தொடாதீர்கள்.

மழை மாதங்கள்

கார்த்திகை முதல் தை வரை இந்தச் சுற்றுக்கு உகந்த காலமல்ல. குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் தாம்போதிகளுக்கு, அதாவது நீர் மேலே ஓடும்படி தாழ்வாகக் கட்டிய வீதித் துண்டுகளுக்கு, மேலாக வெள்ளம் ஓடும். கிரான்–புலிபாய்ந்தகல் வீதி மாதிரியான இடங்களில் மழைக்குப் போக்குவரத்தே நின்றுவிடும். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளித்திருந்தாலும் மேற்கே மலைப்பக்கம் முந்தின இரவு பெய்த மழை இன்று இங்கே வரும். வெயிலை நம்பி இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாம்போதியில் நீர் ஓடினால் ஓரக் கட்டைகளைப் பாருங்கள். இரண்டு பக்கக் கட்டையும் தெரியவில்லை என்றால் போகக் கூடாது. நீர் விழும் பக்கத்தில் வீதியின் விளிம்பு அரித்துப் போயிருக்கும், கலங்கிய நீரில் அது தெரியாது. முழங்காலுக்குக் கீழே ஓடும் நீரே சைக்கிளைச் சாய்க்கப் போதும். உழவு இயந்திரம் கடந்தது என்பதற்காக உங்கள் காரும் கடக்கும் என்று எண்ணாதீர்கள், அதன் பாரமும் உயரமும் வேறு. கடந்து வந்தவர் என்றால் சிறிது தூரம் பிரேக்கை மெதுவாக அழுத்திக்கொண்டே ஓட்டுங்கள், பிரேக் காயும்.

மாசி, பங்குனியில் அறுவடை. சித்திரைக்குப் பிறகு நீர் பாயும் வயற்கண்டங்களில் கோடை வெள்ளாமை பச்சை பிடிக்கும். வைகாசி, ஆனியில் காலை நேரம் மிக அழகு, நடுப்பகல் வெக்கை கொடுமை.

தயிர்ச் சட்டி வாங்குவது

படுவான்கரைக்குப் போய் எருமைத் தயிர் வாங்காமல் வரக்கூடாது. வீதியோரம் உறியிலும் மேசையிலும் சட்டிகளை அடுக்கியிருப்பார்கள். வெயிலில் வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள், புளித்துவிட்டிருக்கும். சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாது. ஓரத்தில் பச்சைத் தண்ணீர் பிரிந்தால் உறையும்போது அசைத்துவிட்டார்கள் அல்லது பால் நீர்த்தது. மேலே இளமஞ்சளாக ஆடை கட்டியிருக்க வேண்டும். சட்டியின் வெளிப்புறம் லேசான ஈரம் இருப்பது குறையல்ல, மண் நீரை உறிஞ்சுவதால்தான் தயிர் கட்டியாகிறது. காரில் கால் வைக்கும் இடத்தில், துணியை வளையமாகச் சுற்றி அதன்மேல் வையுங்கள். சைக்கிளில் கொண்டுவர வேண்டுமென்றால் பின்னால் இருப்பவர் மடியில்தான். அன்றே சாப்பிடுவது சிறப்பு.

வேறு இரண்டு பக்கம்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதியில் திரும்பினால் கரடியனாறு, உறுகாமம் குளம், புல்லுமலை தாண்டி அம்பாறை மாவட்டத்து மகா ஓயா. அந்தப் பக்கம் வீதியோரத்தில் அவித்த சோளம் விற்பார்கள், சூடாகக் கேட்டு வாங்குங்கள். மகா ஓயாவின் வெந்நீர் ஊற்றுகளில் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும், சில கையைச் சுடும். பிள்ளைகளை முன்னால் ஓட விடாதீர்கள். நீளமான காட்டு வீதி இது, ஆனை பற்றிச் சொன்னவை எல்லாம் இங்கேயும் பொருந்தும்.

வடக்கே திருகோணமலை வீதியில் வாழைச்சேனை, ஓட்டமாவடி, காயான்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை. 60 கிலோமீற்றருக்கு மேல், நல்ல வீதி, ஒரு பக்கம் கடல் எட்டிப் பார்க்கும். நல்ல வீதியில் வேகம் ஏறும், கார்களுக்கு ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 70 தான் எல்லை. ஏறாவூர் முதல் வாழைச்சேனைப் பக்கம் வரை ரயில் பாதை பெரும்பாலும் வீதியோடு கூடவே வருவதால் உள்வீதிக்குத் திரும்பும் இடங்களில் கதவில்லாத கடவைகள் உண்டு. நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, காதால் கேட்டுக் கடவுங்கள்.

பஞ்சர் கடைகள் சந்திகளில்தான், மாலையானதும் மூடிவிடுவார்கள். ஒரு டியூப், சிறிய பம்ப், இரண்டு ஸ்பேனர் கூடவே இருக்கட்டும். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ். அழைத்தால் முதலில் கேட்பது எந்த இடம் என்று. ஆகவே வழியில் பார்க்கும் கிராமப் பெயர்ப்பலகை, பள்ளிக்கூடப் பெயர், வீதியோரக் கிலோமீற்றர்க் கல் ஆகியவற்றைக் கடக்கும்போதே மனதில் பதித்துக்கொண்டு போங்கள்.